படம் எப்படி?

நம் ஊர்களில் "சாப்பாடு ஆயிற்றா?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படும் கேள்வி "படம் எப்படி?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. இரண்டாவதற்கும் அப்படியே. "தேவலை", "பரவாயில்லை", "பிரமாதம்", "அறுவை" என்று ஒரு சொல் வந்து விழுகிறது. கேட்டவர் திருப்தியாகப் போய்விடுகிறார். சொன்னவருக்கோ மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்ததற்கு ஒரே சொல்லில் ரசீது எழுதிக் கொடுத்துவிட்ட நிம்மதி.

பத்திரிகைகளில் வரும் சினிமா விமரிசனத்துக்கு நம்மிடையே ஒரு பரம்பரை உண்டு. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நான் பேச விரும்புவது அச்சில் ஏறாத விமரிசனத்தைப் பற்றி. கொட்டகையை விட்டு வெளியே வந்து, நெரிசலில் வண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, வழிநெடுக ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போகிறார்களே, அந்தப் பேச்சு. ஒரு படத்தின் தலையெழுத்தில் பாதி அங்கேதான் எழுதப்படுகிறது. அந்தப் பேச்சு வரவரக் கெட்டுக்கொண்டு வருகிறது என்பது என் அபிப்பிராயம். ரசிகன் கடுமையாகப் பேசுகிறான் என்பதல்ல என் புகார். கடுமையாகப் பேச அவனுக்கு உரிமை உண்டு, டிக்கெட்டு அவன் காசு. அவன் ரசிகனாகப் பேசாமல் விநியோகஸ்தராகப் பேச ஆரம்பித்துவிட்டான் என்பதுதான் புகார்.

எங்கள் வீட்டில் அத்தை ஒருத்தி இருந்தாள். வீட்டில் பதினோரு பேர். எல்லோருமாகச் சினிமாவுக்குப் போவதென்றால் வீட்டைப் பூட்டவேண்டும்; அந்த வீட்டைப் பூட்டிப் பழக்கமே கிடையாது. ஆகவே அத்தை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மறுநாள் மத்தியானம், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, மற்றவர்களுக்குக் கதை சொல்வாள். பெயர் போடுவதிலிருந்து தொடங்குவாள். படம் நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று அவள் சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் செலவு செய்து பதினைந்து நாள் எடுத்திருக்கக் கூடிய சண்டைக் காட்சியை, "அப்புறம் அவனும் இவனும் அடித்துக்கொண்டார்கள்" என்று நாலு சொல்லில் முடித்துவிடுவாள். சில படங்களில் நகைச்சுவைப் பகுதி என்று ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது. ஆனால் கதாநாயகி அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள் என்றால், பால் பொங்கிற்றா, பொங்குவதற்கு முன் இறக்கினாளா என்பது வரைக்கும் வரும். எதைச் சொன்னாள், எதை விட்டாள் என்பதுதான் அவளுடைய விமரிசனம். எதை நீட்டுவது, எதைத் தாண்டுவது என்பதில் கதை எழுதுகிற எனக்கு அவளைவிடப் பெரிய வாத்தியார் யாரும் வாய்க்கவில்லை.

1986ஆம் ஆண்டில் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தது. படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வரவு செலவுக் கணக்கில் ஆரம்பிக்கும் ஒரு பேச்சு முற்றி, தகப்பனுக்கும் மூத்த மகனுக்கும் நடுவே வீட்டுத் தரையில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. பிரிந்த குடும்பத்தை மூத்த மருமகள் சாமர்த்தியமாகச் சேர்த்துவைக்கிறாள். லட்சுமி நடித்த பாத்திரம். எல்லோரும் ஒன்றாகி, இனிச் சுபம் போட வேண்டியதுதான் என்ற நேரத்தில் அவள் சொல்கிறாள்: ஒரே வீட்டில் வேண்டாம், தனித்தனியாக இருப்போம், அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வோம், அப்படி இருந்தால்தான் பிரியம் மிச்சமிருக்கும் என்ற தோரணையில்.

அத்தை மனோரமாவின் குரலைக்கூடப் பேசிக் காட்டினாள். வீடே சிரித்தது. இந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பெரியம்மா, அம்மா, சின்னச் சித்தி மூன்று பேரும் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் தலை நிமிரவில்லை. ரேழியில் படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்தாள்.

"சேர்த்து வைத்துவிட்டுப் பிரிப்பதற்கு ஒரு படமா? நல்ல படம் எடுத்தான்!"

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னச் சித்தி, கையிலிருந்த கல்லைத் தூர எறிந்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள். அவள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த ஜனரஞ்சகப் படம் என்ற விருது 'சம்சாரம் அது மின்சார'த்துக்குக் கிடைத்தது. அது பெரிய மரியாதைதான். ஆனாலும் ஒரு படத்தைப் பற்றி நான் கேட்ட மிகத் துல்லியமான இரண்டு அபிப்பிராயங்கள், பார்க்காத இரண்டு பேர் சொன்னவை. படம் எந்த இடத்தில் போய்க் குத்த வேண்டுமோ அந்த இடத்தில் குத்தியிருக்கிறது என்று அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்தும் தெரிந்துகொள்ளலாம். படம் ஓடுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அது கொட்டகைக்காரர் கவலை.

இன்றைக்கு முதலில் வருவதே அந்தக் கவலைதான். "முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி லேக்" என்கிறார்கள். இடைவேளை என்பது முறுக்கும் காப்பியும் விற்க ஏற்பட்டது. அதை அளவுகோலாக வைத்துக் கதையை இரண்டு துண்டாக நறுக்கி எடை போடுகிறார்கள். "ஒரு தடவை பார்க்கலாம்" என்று இன்னொரு தீர்ப்பு. இரண்டாம் தடவை பார்க்கும்படி இவரை யார் வற்புறுத்தினார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. மாம்பலத்தில் பாங்கி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும், "நமக்குப் பிடிக்கும் சார், ஆனால் சி சென்டரில் எடுபடாது" என்பார். அவர் பிறந்ததிலிருந்து சி சென்டர் எதிலும் காலெடுத்து வைத்தவர் அல்ல. தமக்குப் பிடித்ததா என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பார்த்தேயிராத ஓர் ஊர்க்காரன் தலையில் தம் அபிப்பிராயத்தை ஏற்றிவைக்கிறார். அப்புறம் கோடிக் கணக்கு. முதல் நாள் இத்தனை கோடி, மூன்றாம் நாள் இத்தனை கோடி. தன் வீட்டு மளிகைக் கணக்கைப் பார்க்க அலுத்துக்கொள்ளும் பிள்ளைகள், பிறத்தியார் வசூலைத் தசம ஸ்தானம் வரை ஒப்பிக்கிறார்கள்.

ஓட்டத்தைச் சொல்லி மார்தட்டுவது நேற்று வந்த பழக்கமல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். 1944இல் வந்த தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டதை நம் தாத்தாக்கள் சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியது போலச் சொல்லிக்கொண்டார்கள். எம்.ஜி.ஆர். ரசிகர்களும் சிவாஜி ரசிகர்களும் நூறாவது நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆனால் அதே ரசிகன் 1952இன் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். பாகவதர் எந்த இடத்தில் சுருதி ஏறினார் என்று பாடியே காட்டுவான். அவனிடம் இரண்டு பேரேடுகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் மிச்சம்.

பழைய ரசிகன் மட்டும் தப்பே செய்யாதவன் என்று சொல்லவில்லை. 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. ஜப்பான் குண்டு விழுந்த 1943ஆம் வருஷத்துச் சென்னையில் ஒரு கொலை. அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். படம் அப்போது ஓடவில்லை. "பாட்டே இல்லையாமே!" என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது. இல்லாததைப் பற்றிப் பேசியே இருப்பதைக் காணாமல் போக்கிவிடுகிற சாமர்த்தியம் நமக்கு எப்போதும் உண்டு.

இந்த வாய்ப்பேச்சைக் கண்டு சினிமாக்காரர்கள் இப்போது நடுங்குகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் படம் பெட்டிக்குள் இருந்தது. பெரிய ஊரில் ஓடி முடித்த பெட்டி சின்ன ஊருக்கும், அங்கிருந்து டூரிங் டாக்கீசுக்கும் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும். அபிப்பிராயமும் அதே பஸ்ஸில்தான் போயிற்று. இன்று பெட்டி இல்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் விழுகிறது. சில வாரங்களில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே போட்ட பணத்தை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் அள்ளியாக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே, கொட்டகை வாசலில் ஒலிவாங்கியோடு நிற்கும் ஒரு பையன் வாய்க்கு நேராக அதை நீட்டி, "படம் எப்படி?" என்கிறான்.

2024 நவம்பரில் தமிழ்ப்படத் தயாரிப்பாளர்களின் சங்கம் ஒன்று, கொட்டகை வளாகத்துக்குள் இப்படிக் கருத்துக் கேட்டுப் படம்பிடிக்க இடம் கொடுக்கக்கூடாது என்று கொட்டகை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்கள் இந்தப் பேச்சால் அடிபட்டதாக அவர்கள் வருத்தம். படம் வெளியாகி முதல் மூன்று நாள் விமரிசனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. மறுத்தது சரி. இதே வாய் "பட்டாசு!" என்று கத்தும்போது அதையே விளம்பரமாக ஒட்டிக்கொள்கிறவர்கள், "சகிக்கவில்லை" என்றதும் அதற்குப் பூட்டுப் போடக் கேட்பது என்ன நியாயம்? இன்னொன்றையும் அவர்கள் மறந்துவிட்டார்கள். பாலாவின் 'சேது' வாங்க ஆளில்லாமல் நெடுநாள் கிடந்தது. முடிவு சோகம், போணியாகாது என்று கணக்குத் தெரிந்தவர்கள் ஒதுங்கினார்கள். 1999 டிசம்பரில் ஒரு புறநகர்க் கொட்டகையில் ஒரே ஒரு பகல் காட்சியாக அது வெளிவந்தது. பார்த்தவன் பார்க்காதவனிடம் சொல்லி, அவன் இன்னொருவனிடம் சொல்லி, அந்தப் படம் நூறு நாளைத் தாண்டியது. விக்ரம் என்ற நடிகர் அதற்கப்புறம்தான் நமக்குக் கிடைத்தார். ஓடுமா என்று கேட்டவர்கள் கைவிட்டதை, என்ன பார்த்தேன் என்று சொன்னவர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

அதனால் வாயைக் கட்ட வேண்டும் என்ற கட்சியில் நான் சேரமாட்டேன். என் கவலை வேறு. அந்த வாய்க்கு எவ்வளவு பலம் வந்துவிட்டது என்பதற்கு 'மெய்யழகன்' ஒன்றே போதும். பிரேம்குமார் எழுதி இயக்கி, 2024 செப்டம்பரில் வந்தது. கிட்டத்தட்ட 3 மணி நேரப் படம். "நீளம், நீளம்" என்ற பேச்சு எழுந்தது. சில நாட்களுக்குள் சுமார் 18 நிமிடங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். கவனியுங்கள், ஐயா: இரண்டு பேர் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பேசுவதுதான் அந்தப் படமே. தஞ்சாவூரில் சொந்த வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போனவன், பல வருஷங்களுக்குப் பிறகு தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். உறவுக்காரப் பையன் ஒருவன் அவனை விழுந்து விழுந்து உபசரிக்கிறான். வந்தவனுக்கு அவன் பெயர் ஞாபகம் வரவில்லை. கேட்கவும் வெட்கம். பேச்சு நீளநீளத்தான் அந்த வெட்கம் கனக்கும். அதைப் பார்த்து "லேக்" என்பது, மெதுவாக வேகவேண்டிய கிழங்கைப் பார்த்து அடுப்பு சரியில்லை என்பதைப் போன்றது. எனக்கும் சில இடங்களில் பேச்சு அதிகம் என்றுதான் பட்டது. இருந்தாலும் எந்தப் பேச்சு, எந்த இடம் என்று சுட்டிச் சொல்ல ரசிகனுக்குத் தெரிந்திருந்தால், வெட்டியவர்களுக்கும் எங்கே கத்திரி வைப்பது என்று தெரிந்திருக்கும். பொத்தாம் பொதுவான புகாருக்குப் பொத்தாம் பொதுவாகத்தான் கத்திரி விழும்.

அந்தப் படம் வந்து சில மாதங்களுக்குப் பின் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் இருக்கையில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவரும், மடியில் பையோடு ஓர் இளைஞனும். அறிமுகமில்லாதவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. எப்படியோ இந்தப் படத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெரியவருக்கு இயக்குநர் பெயர் தெரியவில்லை; கார்த்தியையும் அரவிந்த்சாமியையும் தெரிந்தது.

"அவன் விடியறதுக்குள்ளே சொல்லாம கிளம்பிப் போறான் பாருங்க தம்பி, அது தப்பு. பேரு மறந்துபோச்சுன்னு நேராக் கேட்டுட்டா என்ன?"

"எப்படிங்கய்யா கேக்கிறது? அவ்வளவு பிரியமா சோறு போட்டவன்கிட்ட?"

"சோறு போட்டவன்கிட்டத்தான் கேக்கணும். அவன் கோவிச்சுக்க மாட்டான்."

"நீங்களா இருந்தா கேப்பீங்களா?"

பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வடுவூர் ஏரி வந்தது. "விட்டுட்டுப் போன பழைய சைக்கிள் ஒண்ணை வச்சு ஒரு குடும்பம் பொழச்சிருக்குன்னு காட்டினானே, அது பொய் இல்லை. எங்க வீட்டிலே தையல் மிஷின்" என்றார்.

இளைஞன் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. எழுந்தவன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "யாரு கொடுத்ததுங்கய்யா?" என்று கேட்டான். கண்டக்டர் விசில் ஊதினார். பெரியவர் நகர்ந்து உட்கார்ந்து, "அடுத்த ஸ்டாப்பிலே இறங்கிக்கலாம், உட்காருங்க" என்றார். அவன் உட்கார்ந்தான்.