டயரின் நடுவும் ஓரமும்

ஸ்போர்ட் டூரிங் பைக்கின் பின் டயர் நடுவில்தான் முதலில் தேயும். நெடுஞ்சாலையில் வண்டி நிமிர்ந்தே ஓடுவதால் நடுப்பகுதி தட்டையாகிவிடும். பிறகு வளைவில் சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டுவதுபோல் இடறும். இதற்கு டயர் செய்பவர்கள் கண்ட வழி அழகானது: நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மென்மையானது. மிச்சலின் ரோடு 5-இல் பின் டயரின் கெட்டி ரப்பர் ஓரத்து மென்ரப்பருக்கு அடியிலும் பரவியிருக்கும், சாய்ந்தபடி முறுக்கும்போது டயர் நெளியாதிருக்க. அதன் கீறல்கள் மேலே குறுகி உள்ளே அகன்றவை; தேயத் தேய வாய் விரிந்து மழைநீரை வெளியேற்றும். பைரெல்லி ஏஞ்சல் ஜிடி 2-இல் நடுவே இரண்டு நீளப் பள்ளங்கள். பார்வைக்கு இதுதான் லட்சணம். ஆனாலும் என் ஓட்டு அந்தக் கீறல்களுக்கே.

பக்கச் சுவரைப் படிப்பதும் ஒரு சுகம். 180/55 இசட்ஆர் 17 என்றால் அகலம் 180 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 17 அங்குலம். தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2324 என்றிருந்தால், 2024-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. கடைக்காரர் பெரிய தள்ளுபடி சொன்னால் முதலில் அந்த எண்ணைக் குனிந்து பாருங்கள்.