தேசிக்காய்ச் சாறும் வைத்தியரின் விடையும்

பம்பாய் வைத்தியர் மகிந்தர் வத்ஸாவின் பாலியல் கேள்வி பதில்களைப் பற்றி அண்மையில் வெள்ளவத்தையில் நண்பர் சிலர் கூடியிருந்தபோது பேச்செழுந்தது. அவருடைய கீர்த்திக்குக் காரணம் அவருடைய ஹாஸ்யமே என்றும், நமது வாரப்பதிப்புகளின் வைத்தியப் பக்கங்களில் இல்லாத குணமும் அதுவே என்றும் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். அவ்வபிப்பிராயம் பிழையென்று நெடுநாளாக எண்ணிவருபவன் நான்.

அவருடைய தொண்டு சாமானியமானதன்று. 1960களில் பெண்கள் சஞ்சிகைகளில் எழுதத் தொடங்கியவர். 1974இல் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தில் பாலியல் கல்விக்கும் ஆலோசனைக்கும் இடம் தேடியவர். எண்பது வயதை எட்டிய பின்னர், 2005இல், 'மும்பை மிரர்' நாளிதழில் எழுதப் புகுந்தவர். 2020 டிசம்பரில் 96ஆம் வயதில் காலமானவர். சுயஇன்பத்தால் நரம்பு தளருமென்று பயங்காட்டி லேகியம் விற்போர் மலிந்த தேசத்தில், அது தீங்கற்றதென்று சலியாமல் சொல்லிவந்தார். இவற்றை மறுப்பார் யாருமிலர்.

ஆனால் அவரைப் போற்றுவோர் எடுத்துக்காட்டும் விடையையே பாருங்கள். புளிப்பான பொருள் கருவைத் தடுக்குமென்று கேள்விப்பட்ட ஒருவர், உறவுக்குப் பின் தேசிக்காய்ச் சாற்றை உபயோகிக்கலாமா என்று கேட்கிறார். நீர் பேல்பூரி வியாபாரியா என்று, தேசிக்காய் பிழிந்து தெருவில் விற்கும் தின்பண்டத்தைச் சுட்டி, வைத்தியர் திருப்பிக் கேட்கிறார். ஆணுறை முதலிய தக்க வழிகளையும் தொடர்ந்து சொன்னாரென்பது மெய்யே. எனினும் வாசகர் மனத்தில் நின்றது பேல்பூரிதான். அமிலம் விந்தணுவைப் பாதிக்குமென்ற அரைகுறை உண்மையொன்று அந்தக் கேள்விக்குள் கிடந்தது. அது ஏன் கருத்தடையாகாது, அந்தச் சாறு பெண்ணின் மென்மையான உட்சருமத்தை எவ்வாறு புண்ணாக்கும் என்று விளக்குவதற்குக் கிடைத்த அரிய சந்தர்ப்பம் ஒரு சிரிப்பில் கழிந்துபோயிற்று.

சிரிப்பு கூச்சத்தைப் போக்கும் என்கிறார்கள். யாருடைய கூச்சத்தை? வேடிக்கை பார்ப்பவனுடையதை. பெயர் மறைத்து எழுதியவனோ, தன் பயம் அச்சேறி ஊரார் சிரிப்புக்கு இரையானதைத் தனியே இருந்து வாசிக்கிறான். நோயாளியைப் பரிகசித்து அடுத்த அறையிலிருப்போரை மகிழ்விக்கும் வைத்தியரை நாம் பொறுப்போமா? பத்திரிகையில் மட்டும் அது எப்படிச் சாமர்த்தியமாயிற்று? அவர் மனத்தில் துவேஷமில்லை என்பது சமாதானமாகாது. கேட்டவனுக்கு வைத்தியரின் மனம் தெரியாது, அச்சிட்ட வரிதான் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் நால்வர் ஒரே அறையில் சமறியாக இருந்த காலத்தில், ஒருவன் சீ.ஆர். கொப்பித் தாளில் ஒரு கேள்வி எழுதி, தபாலிற் சேர்க்கத் துணிவில்லாமல் தலையணைக்கடியில் வைத்திருந்தான். அந்த வாரம் ஒரு பத்திரிகையில் ஏறத்தாழ அதே கேள்வி, வேடிக்கையான விடையோடு வந்திருந்தது. இன்னொருவன் உரக்க வாசித்தான். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். இரவு விளக்கணைத்த பிறகு தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. மறுவருஷம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, காலிவீதியில் பஸ்ஸுக்குக் காத்துநிற்கையில், அந்தக் கேள்வியை அவன் என்னிடம் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை.