அடிப்பது குற்றமா?

கோல்ஃப் பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: பந்தை அடிக்காதே, மட்டையை வீசு, வழியில் பந்து தானாக அகப்படும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணெதிரே அசையாத பந்தை வைத்து, கையில் ஒரு கோலையும் கொடுத்துவிட்டு, அடிக்காதே என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? பந்தில்லாத ஒத்திகை வீச்சு அழகாக வருகிறது. பந்து வந்ததும் தோள் இறுகி வலக்கை பாய்ந்துவிடுகிறது. இதற்கு அடிக்கும் ஆசையைக் குற்றவாளியாக்குவது சரிதானா?

வீச்சுக் கட்சியின் பெரிய பெயர் எர்னஸ்ட் ஜோன்ஸ். முதல் உலகப் போரில், 1916இல், வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த ஆங்கிலேயத் தொழில்முறை ஆட்டக்காரர். சில மாதங்களிலேயே ஒற்றைக் காலில் நின்று 83 அடிகளில் ஆட்டத்தை முடித்தார். உடல் குறைந்தும் வீச்சு குறையவில்லை என்றால், கற்க வேண்டியது மட்டைத் தலையின் ஓட்டத்தைத்தான் என்று முடிவுகட்டினார். கைக்குட்டை நுனியில் பேனாக்கத்தியைக் கட்டி ஆட்டிக் காட்டுவது அவர் வழக்கம். சீராக ஆட்டினால் துணி விறைத்து நிற்கும். வெடுக்கென்று தள்ளினால் தொய்ந்துவிடும்.

இயற்பியல் ஓரளவு அவர் பக்கம்தான். காக்ரனும் ஸ்டாப்ஸும் 1968இல் வெளியிட்ட ஆய்வு நூலின்படி, மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ 2000இல் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் கூடுதல் பலம் காட்ட நினைப்பது வீண். நினைப்பதற்குள் பந்து போய்விடும். கீழ்வீச்சு முழுவதுமே சுமார் கால் நொடி. அதற்குள் அவசரப்பட்டால் மணிக்கட்டின் மடிப்பு முன்கூட்டியே அவிழ்கிறது, மட்டைத் தலை கையை முந்துகிறது, வீச்சின் அடிப்புள்ளி (மட்டை மிகத் தாழும் இடம்) பந்துக்குப் பின்னால் விழுகிறது. மண் பெயரும், அல்லது பந்தின் உச்சந்தலை உரசும்.

இத்தோடு வழக்கை முடித்துவிட முடியாது. ஜோன்ஸின் கைக்குட்டை அவர் நிரூபிக்க நினைத்ததைவிடக் குறைவாகவே நிரூபிக்கிறது. துணியை இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. கோல்ஃப் மட்டையின் தண்டோ விறைப்பானது. கையும் மணிக்கட்டும் தரும் உந்துதலை அது தாங்கிக் கடத்தும். ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃப் குழுவின் 1999 ஆய்வையும் வீச்சுக் கட்சியினர் சாட்சிக்கு அழைப்பதுண்டு. கையசைவைக் கவனித்த புதியவர்களைவிட மட்டையின் ஓட்டத்தைக் கவனித்தவர்கள் துல்லியமாக ஆடினார்கள் என்பது அதன் முடிவு. பயனுள்ள முடிவுதான். ஆனால் அடிக்கும் ஆசை கெடுதலா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

எதிர்த்தரப்பின் சாட்சிகளும் லேசானவர்கள் அல்லர். 1927இல் அமெரிக்க ஓப்பனையும் 1931இல் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்ற டாமி ஆர்மர் 1953இல் எழுதிய நூலில், இடக்கையை உறுதியாக வைத்து வலக்கையால் ஓங்கி அடிக்கச் சொல்கிறார். 1957இல் இன்னொரு ஆட்டக்காரரான பென் ஹோகன், பலம் செலுத்த மூன்று வலக்கைகள் இருந்தால் தேவலை என்கிற அளவுக்குப் போனார். ஆனால் ஹோகனிடம் வரிசை கண்டிப்பானது: முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், கையின் அடி கடைசியில் வர வேண்டும். வீச்சுக் கட்சியின் பழமொழியில் இந்த வரிசைக்கு இடமே இல்லை.

ஆகவே என் முடிவு இது. வீசு என்ற அறிவுரை தொடக்கக்காரரின் இறுக்கத்துக்கு நல்ல மருந்து. கோல்ஃப் அடியைப் பற்றிய விளக்கமாக எடுத்துக்கொண்டால் அரைகுறை. அடிக்கும் ஆசையில் பிழையில்லை. அது சீக்கிரம் புறப்படுவதும், பந்தோடு நின்றுவிடுவதும்தான் பிழை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இரும்பு மட்டையால் ஆடும்போது வீச்சின் அடிப்புள்ளி பந்தைத் தாண்டி மூன்று நான்கு அங்குலம் முன்னால் இருக்கும். ஆசையை அடக்கப் போராடுவதைவிட அதன் இலக்கை அங்கே நகர்த்துவது எளிது. டீ எனும் சிறு முளையின் மேல் வைத்து டிரைவர் மட்டையால் அடிக்கும் பந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இரும்பு மட்டையை எடுக்கும்போது பந்துக்கு நான்கு விரற்கடை முன்னால் ஒரு புல் நுனியைக் குறித்துக்கொண்டு, இடுப்பு திரும்பிய பிறகு, அதை ஓங்கியே அடியுங்கள்.