சுராங்கனி கேட்டால் எழாத கால் ஏது!

சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’ ஒலிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரை நான் இன்னும் பார்த்ததில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகும் வழியிலுள்ள குப்பங்களில் கல்யாண வரவேற்பு என்றால் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கச்சேரி சூடேறிய பிறகுதான் அதை எடுப்பார்கள். எடுத்தவுடன் பந்தியில் பாதி இலையோடு இருப்பவர்களும் கைகழுவிக்கொண்டு ஓடிவருவார்கள். வலை சீர்செய்யும் பெரியப்பா, பேத்தியை இடுப்பில் வைத்த ஆயா, செங்கல்பட்டிலிருந்து பட்டுவேட்டியில் வந்த சம்பந்திகள், எல்லோருக்கும் ஒரே ஆட்டம்தான்! சுராங்கனிக்கு மீன் கொண்டுவருவதுதான் பாட்டின் சேதி. இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

அந்தத் தாளத்தைச் சொல்ல வேண்டும். ஆறு எண்ணிக்கை. அதை இரண்டாகவும் கேட்கலாம், மூன்றாகவும் கேட்கலாம். கால் ஒரு கணக்கில் போகும், இடுப்பு இன்னொரு கணக்கில் போகும். அதன் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. போர்த்துக்கீசியர் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் ஆட்டப்பாட்டும் போர்த்துக்கீசிய மெட்டும் கலந்து பிறந்தது கஃப்ரிஞ்ஞா. அதன் வாரிசுதான் பைலா, சுராங்கனியின் இசை வகை. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி என்ற ஊரில் அந்த ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் இன்றும் ‘மாஞ்சா’ எனும் பாட்டுகளைப் பாடுகிறார்கள். மேளத்தோடு தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி, ஒரு மரநாற்காலிகூட வாத்தியம்! அந்த மாஞ்சா ஒலிப்பதிவு ஒன்றைச் செங்கல்பட்டு–பீச் ரயிலில் கேட்டுக்கொண்டே போனேன். எதிர் சீட்டுக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்தக் காலத்தில்தான் வாலி பஸ்தியான்ஸ் என்ற காவல்துறைக்காரர் பைலாவுக்குச் சிங்களச் சொல்லும் கிதாரும் கொடுத்து ஊருக்கெல்லாம் பொதுவாக்கினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் விடுதலையும் ஆட்டப்பாட்டும் சேர்ந்தே வந்தன. 1957இல் கானா விடுதலையானபோது மக்கள் ஆடியது ஈ.டி. மென்சாவின் ‘டெம்போஸ்’ குழு வளர்த்த ஹைலைஃப் இசைக்கு. 1960இல் கொங்கோவுக்கு ஜோசப் கபசெலேயின் ‘ஆப்பிரிக்கன் ஜாஸ்’ குழு. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கிதார் குழையும் விதத்திலேயே உறவு தெரியும்.

தமிழில் இந்தப் பைலாக் கொண்டாட்டத்துக்குக் கதவைத் திறந்தவர் நித்தி கனகரத்தினம். ‘சின்ன மாமியே’ ஒன்று போதும். கூட்டத்தோடு உள்ளே புகுந்தவர் ஏ.ஈ. மனோகரன், அதாவது நம் சிலோன் மனோகர். என்ன குரல் அது! பாடும்போதே சிரிப்பார், சிரிப்பும் தாளத்தில் விழும். சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் கைகோத்து வரும். இலங்கை வானொலி இங்கே நம் வீட்டு வானொலியாகவே இருந்ததால் சுராங்கனி கடல் கடந்துவர யார் தயவும் தேவைப்படவில்லை. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் சுராங்கனி சினிமாவுக்கும் வந்தாள். இரண்டும் பிடிக்கும். ஆனாலும் ஆடுவதற்கு எனக்கு மனோகரன்தான்.

‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று இலங்கைத் தமிழர்கள் கொண்டாடிய அவர் 2018 ஜனவரி 22இல் சென்னையில் காலமானார்.

நம் பக்கத்து ஆர்கெஸ்ட்ரா நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கல்யாணத்தில் ரிதம் பேடை ஓரமாக வைத்துவிட்டு, கையால் போங்கோ தட்டி ‘சுராங்கனி’யை முழுசாக வாசியுங்கள். முதல் ஆளாக நான் ஆட வருகிறேன்.