தேய்க்காத கரி

திருப்பூரில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே கிடையாது. கரித்துண்டால் முகம் வரைகிறவர்களுக்கு அது ரொம்ப வசதி. மெத்தென்ற அந்தத் துணியால் நாலு தேய் தேய்த்தால் கோடெல்லாம் கரைந்து, கன்னம் வழவழவென்று வந்துவிடும். அறுபதாம் கல்யாணத்துக்கு போட்டோ கொடுத்து வரைந்து வாங்குகிற படங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படித்தான். மயிர்க்கால் வரைக்கும் தெரியும். "அப்படியே போட்டோ மாதிரி இருக்குல்ல?" என்பார்கள். இருக்கு. என் புகாரே அதுதான். அந்த அப்பா கறாரானவரா, கூச்சக்காரரா என்று படம் மூச்சுவிடாது.

கரி என்பது காற்றுப் படாமல் சுட்ட குச்சி. தாளின் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே ஊறாது. கை தயங்கிய இடமும் அழுத்திய இடமும் அப்படியே நிற்கும். தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் ஓவியர் 1933இல் வரைந்த கரிச் சித்திரத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். தான் வரைந்துகொண்டிருப்பதையே வரைந்திருக்கிறார். முகத்தில் நிதானம் இருக்கிறது. கரி பிடித்த விரல்களும் தெரிகின்றன. நடுவில் இருக்கவேண்டிய கையோ கையாகவே இல்லை. மேலும் கீழுமாக ஆவேசமாக இழுத்த பட்டைக் கிறுக்கல். அந்த வருஷம்தான் நாஜிகள் அவரைப் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். அது தெரியாமல் பார்த்தாலும், இந்த அம்மா லேசில் விடமாட்டார் என்று அந்தக் கிறுக்கல் சொல்லிவிடுகிறது.

நம்மிடம் இதற்குப் பக்கத்தில் வருவது கே.எம். ஆதிமூலம், 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த காந்தி வரிசை. அது மை, கரியில்லை. (கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்தவரும் இவர்தான்.) கண்ணாடியும் கைத்தடியும் போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட காந்தி என்று சொல்லிவிடும். சாயல் அவ்வளவு மலிவு. ஆதிமூலம் அதோடு நிற்கவில்லை; அந்தக் கிழவரின் பிடிவாதத்தைக் கோட்டின் முரட்டுத்தனத்திலேயே வைத்தார்.

எங்கள் ஊர்க் குமரனுக்கு அது வாய்க்கவில்லை. சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பையன், 1932 ஜனவரி 11இல் தடியடிக் காயத்தோடு சாகும்போது வயது 27. ஊர் முழுக்க அவர் படம் இருக்கிறது. கொடியை மறைத்துவிட்டுக் காட்டினால் எத்தனை பேர் ஆளைச் சொல்வோம்? யாராவது அவரைக் கரியில் வரைந்தால், முகத்துக்கு ஏழெட்டுக் கோடு போதும். கொடிக்கம்பை இறுக்கிய அந்த முஷ்டியில் மட்டும் குச்சி உடைகிற அளவுக்கு அழுத்தட்டும். பனியன் துணியைப் பக்கத்திலேயே வைக்க வேண்டாம்.