டாலரில் அளந்த காடு

காகிதக் கூழுக்காகச் சீவப்படும் மரச்சில்லு, உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு அடங்கும் அளவுதான். அதைக் கப்பல் கப்பலாக விற்பதில் நெடுங்காலம் முன்னணியில் இருந்த நாடு ஆஸ்திரேலியா. 1970களின் தொடக்கத்தில் ஈடன், ட்ரையபன்னா துறைமுகங்களிலிருந்து ஜப்பான் ஆலைகளுக்குச் சில்லு போகத் தொடங்கியது. 2010களின் தொடக்கத்தில் அந்த முதலிடம் வியட்நாமுக்குப் போனது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு நாடுகளின் ஏற்றுமதி மதிப்பையும் ஆண்டுவாரியாக இரு வரைகோடுகளாக அருகருகே வைத்துக் காட்டுகிறார்கள். பயனுள்ள முறைதான். ஆனால் காட்டையும் உழவரையும் பற்றிய முடிவுகளை அதை மட்டும் நம்பி எடுக்கக் கூடாது.

முதலில் அதன் வலிமை. நீல யூகலிப்டஸ், பைன், அகேசியா என்று மரம் எதுவானாலும் பணக்கணக்கு எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. திருப்பங்களையும் தெளிவாகக் காட்டுகிறது. 2009இல் டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் என்ற இரு பெரும் தோட்ட முதலீட்டு நிறுவனங்கள் சரிந்தன. 2012இல் தாஸ்மேனியாவின் கன்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியக் கோடு அந்த ஆண்டுகளில் தளர்ந்ததையும், சீனாவின் கூழ் ஆலைகள் பெருகப் பெருக வியட்நாம் கோடு உயர்ந்ததையும் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம்.

குறைகள் அளவுகோலிலேயே தொடங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் கணக்கு பெரும்பாலும் ஜூலை முதல் ஜூன் வரை, அந்நாட்டு டாலரில். வியட்நாமின் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, அமெரிக்க டாலரில். 2011இன் நடுப்பகுதியில் 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஏறத்தாழ 110 கோடி அமெரிக்க டாலருக்குச் சமம். 2015 செப்டம்பரில் அதே தொகை 70 கோடிதான். ஒரு மரம்கூடக் கூடுதலாக வெட்டப்படாமலே கோடு ஏறவோ இறங்கவோ இதுவே போதும்.

அடுத்தது விலை. 2022இல் வியட்நாம் சுமார் 1.58 கோடி டன் சில்லை ஏறத்தாழ 278 கோடி டாலருக்கு விற்றது. மறு ஆண்டு விற்றது சுமார் 1.44 கோடி டன். வந்தது ஏறத்தாழ 222 கோடி. அளவு பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, வரவோ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்பை மட்டும் பார்ப்பவர் வெட்டு பெரிதும் குறைந்ததாக நினைப்பார். அளவைச் சேர்த்துப் பார்க்கும்போதும் கவனம் தேவை. புதிதாகச் சீவிய சில்லின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஈரம் நீக்கிய உலர் டன்னைப் பச்சை டன்னோடு ஒப்பிட்டால் கணக்கு அடியோடு பிழைக்கும்.

எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. ஆஸ்திரேலியாவில் சில்லுத் தோட்டங்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. வியட்நாமிலோ ஓரிரு ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அகேசியாவைப் பத்து ஆண்டுக்கு மேல் நிற்கவிட்டால் அது அறுவை மரமாகும். நாற்காலிக்கும் மேசைக்கும் போய்க் கூடுதல் விலை பெறும். ஆனால் புயல் ஒரே இரவில் தோப்பைச் சாய்த்துவிடலாம். வீட்டுச் செலவும் காத்திருக்காது. அதனால் ஐந்தாம் ஆண்டிலேயே பலர் வெட்டிச் சில்லுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அறைகலன் ஏற்றுமதியில் பெயர்பெற்ற அதே நாடு அறுவை மரத்தை வெளியிலிருந்தும் வாங்குகிறது. ஏற்றுமதிக் கோட்டில் வரவாகத் தெரிவதில் ஒரு பகுதி, முற்றவிடாமல் வெட்டியதால் கைவிட்டுப் போன வருமானம். 2016இல் வியட்நாம் அரசு சில்லு ஏற்றுமதிக்கு 2 விழுக்காடு வரி விதித்தபோது, நல்ல மரம் உள்நாட்டுப் பட்டறைக்கு வரட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

எனவே ஒப்பீட்டைக் கைவிட வேண்டாம், நிறைவாகச் செய்வோம். ஒரே நாணயம், ஒரே பன்னிரண்டு மாதம், உலர் டன் அளவு, டன்னுக்கான விலை ஆகியவை மதிப்போடு சேர்ந்து வரட்டும். வெட்டும்போது மரத்தின் வயது என்ன, வளர்த்தவர் கையில் நின்றது எவ்வளவு என்ற இரண்டும் உடன் இருக்கட்டும். அவை இருந்தால்தான், ஐந்தாம் ஆண்டில் கோடரியை எடுப்பவர் பத்தாம் ஆண்டுவரை பொறுக்க என்ன உதவி தேவை என்று ஓர் அரசால் கணக்கிட முடியும்.