ஸ்ட்ரட் பாரும் மூட மறுக்கும் பொனட்டும்

ஸ்ட்ரட் பார் என்பது காரின் முன்பக்கத்து இரண்டு ஷொக் அப்சோபர்களின் தலைப்பகுதிகளை எஞ்சினுக்கு மேலாக இணைக்கும் உலோகக் குழாய். வளைவில் திரும்பும்போது பாடி முறுக்கிக்கொள்வதைக் குறைப்பது அதன் வேலை. பதுளையிலிருந்து நமுனுகுல மலைச்சரிவில் ஏறும் ஸ்பிரிங்வெளி வீதி போன்ற பாதைகளில் ஓட்டுபவர்களுக்கு அதன்மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. பாடி தளர்ந்த பழைய காரில் ஸ்டியரிங் சற்று இறுகுவது கைக்குத் தெரியும். புதிய காரில் கொடுத்த காசுக்கு ஈடான மாற்றம் தெரிவது அரிது. பூட்டுவது சுலபம், சிக்கல் பொனட்டை மூடும்போதுதான் ஆரம்பிக்கிறது.

பொனட் ஒற்றைத் தகடு அல்ல. மேல்தகட்டுக்கு அடியில் விலா எலும்புபோல ஒரு சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் முதலில் இடிபடுவது அந்தச் சட்டம்தான். சூடு தாங்கும் விரிப்பில் பளபளப்பான தேய்வு, சட்டத்தில் பெயின்ட் உரிந்த கோடு, மேல்தகட்டில் பரு போன்ற ஒரு புடைப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். "நல்லா அமத்தி மூடுங்க, சரியாகிடும்" என்று கராஜில் சொல்லப்படும் வைத்தியம் அந்தப் புடைப்பைத்தான் உண்டாக்கும்.

இடைவெளியை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மா போதும். எலுமிச்சங்காய் அளவு உருண்டைகளை மெல்லிய பொலித்தீனில் சுற்றி, பாரின் உயரமான இடங்களிலும் அதன் போல்ட் தலைகளிலும் வைத்து, பொனட்டை மெதுவாக இறக்கி மூட வேண்டும். திறந்த பிறகு நசுங்கிய மாவில் தீக்குச்சியைக் குத்தி ஆழத்தை அளந்தால் அதுதான் இடைவெளி. பாடியோடு பூட்டப்பட்ட பாகத்துக்கு 10 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. எஞ்சினோடு சேர்ந்து அசையும் எயார் ஃபில்டர் போன்றவற்றுக்கு அதைப்போல இரு மடங்கு வேண்டும்.

அந்த இரு மடங்குக்குக் காரணம் மலைப்பாதையில்தான் நன்றாகப் புரியும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. சில்லைச் சுழற்றும் விசைக்கு எதிராக அதுவும் சாய்கிறது. முன்சில்லு இயக்கத்தில் குறுக்காக வைக்கப்பட்ட எஞ்சின் முன்னும் பின்னுமாக ஆடும். சில்லுக்குப் போகும் விசை முதல் கியரில்தான் மிக அதிகம் என்பதால் ஆட்டமும் அங்கேதான் அதிகம். ரிவர்ஸில் அது மறுபக்கம் சாயும். ஆகவே சமதரையில் தொடாத பாகம், 680 மீட்டர் உயரத்திலுள்ள பதுளையை விட்டு ஏறத் தொடங்கியதும் பாரிலோ பொனட்டிலோ தட்டலாம். மாவை அப்படியே விட்டு ஒரு செங்குத்தான ஏற்றத்தில் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் ஓட்டிப் பார்த்த பிறகே அளவை நம்பலாம். மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். பல வேளைகளில் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் முதலில் பொனட் ஓரத்து ரப்பர் தாங்கிகளைத் திருகி உயர்த்தலாம். அதில் கிடைப்பது சில மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் பாகத்தை மாற்றுவதே நேர்வழி: நேரான பாருக்குப் பதிலாக வளைந்த பார், உயரமான ஃபில்டருக்குப் பதிலாகத் தட்டையானது. விலாச் சட்டத்தை வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும். மோதலில் பொனட் எப்படி மடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு.

கீலுக்கு அடியில் வொஷர் போட்டுப் பொனட்டின் பின்விளிம்பை உயர்த்துவது பரவலான பழக்கம். சூடு வெளியேறும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்றழுத்தம் கூடுதல் என்பதால் சூடு அவ்வழியே எளிதில் வெளியேறாது. காருக்குள் காற்று இழுக்கும் துவாரமும் அங்கேதான் இருக்கிறது. எனவே ஒயில் வாடை உள்ளே வரும். வடகீழ்ப் பருவமழை காலத்தில் தண்ணீர் எஞ்சின்மேல் கொட்டும்.

பொனட்டிலேயே மேடு கட்டுவது கடைசி வழி, ஆனால் இழிவான வழி அல்ல. 1967இல் எம்ஜிபி காரின் உடலுக்குள் ஆறு சிலிண்டர் எஞ்சினை நுழைத்து எம்ஜிசி உருவானபோது தயாரிப்பாளர்களே பொனட்டில் ஒரு புடைப்பும், கார்புரேட்டருக்காகத் துளி வடிவில் இன்னொரு சிறு மேடும் வைத்தார்கள். மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் தாழ்ந்த பொனட்டுக்காக எஞ்சினையே 50 பாகை சாய்த்தார்கள். டிங்கரிங் வேலை சுத்தமாக அமைந்தால் மேடு அழகாகவே இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது பெட்டரி. ஐரோப்பிய அளவிலான டிஐஎன் பெட்டரி 190 அல்லது 175 மில்லிமீட்டர் உயரம். முனைகள் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். ஜப்பானிய அளவு பெட்டரி பலவற்றில் முனைகள் மேலே நீட்டி நிற்பதால் மொத்த உயரம் 225 மில்லிமீட்டரளவு வரும். முன்னதற்காகச் செய்த தட்டில் பின்னதை வைத்தால், பள்ளத்தில் விழும்போது பொசிட்டிவ் முனை பொனட்டைத் தொட்டுத் தீப்பிடிக்கலாம். ரப்பர் மூடி போடுவது தற்காலிகக் காவல். சரியான உயரமுள்ள பெட்டரியே தீர்வு.

எந்த வழியில் சரிசெய்தாலும் இறுதியில் பூட்டைப் பார்க்க வேண்டும். பாகத்தின்மேல் அழுந்தி மூடிய பொனட் பூட்டை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளிருந்து லீவரை இழுத்ததும் பொனட் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளி எழுந்தால் அழுத்தம் இன்னும் இருக்கலாம். பொனட் முழுதாகத் திறந்துவிடாமல் தடுக்கும் இரண்டாவது கொக்கி தானாக விழுந்து பிடிக்கிறதா என்றும் பார்த்து, துரு இருந்தால் கிரீஸ் போட்டு, பிடிக்காவிட்டால் மாற்றிய பிறகே வண்டியை வீதிக்கு எடுக்க வேண்டும்.